கணினி மேளமும் கைமேளமும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று பிள்ளைகள் பாடிய பாட்டைக் கேட்டீர்கள். ஒத்திகையின்போது ஒரு தாத்தா, "மேடையிலே மேளத்தையே காணோமே, சத்தம் எங்கேயிருந்து வருது வாத்தியாரே?" என்று கேட்டார். கணினியிலிருந்துதான் வருகிறது.

கலைஞர் ஒருவர் டிரம் அடிக்க, ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிந்து வைத்திருப்பார்கள். வேண்டிய இடத்தில் வேண்டிய அடியை நாம் வைக்க வேண்டும். அசல் டிரம் ஒலிகளை இப்படி எண்முறையில் பதிந்து வாசித்த முதல் கருவி, அமெரிக்கர் ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1.

முதலில் நாங்கள் செய்தது தகரத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. கோயில் திருவிழாவில் உறுமி அடிக்கும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், எல்லா அடியும் ஒரே பலமா விழுது. மனுசன் கை அப்படி விழாது. இங்கே பாருங்க, ஒரே நேரத்திலே மூணு இடத்திலே குச்சி விழுது. அடிக்கிறவருக்கு ரெண்டு கைதானே?"

சரியாகச் சொன்னான். ஒரே டிரம்மை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி எனப் பலமுறை அடித்துப் பதிந்திருந்தார்கள். அவற்றை மாற்றி மாற்றி வைத்தோம். சில அடிகளை இம்மியளவு முன்பின் தள்ளினோம். மூன்றாவது கையை எடுத்துவிட்டோம். மேளத்துக்கு உயிர் வந்தது.

பெற்றோர்களே, படிப்பு கெடும் என்று பிள்ளையின் கையிலிருந்து மேளத்தைப் பிடுங்காதீர்கள். கணினியைத் தட்ட அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். தாளத்தைக் கேட்க எனக்கு அவன்தான் கற்றுக்கொடுத்தான்.