புகையா, பனியா?

(சின்னக்கானலில் நடைபெற்ற நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று காலை பூப்பாறையிலிருந்து ஜீப்பில் ஏறி வரும்போது எதிர்ச் சரிவு முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடந்தது. உடன் வந்த சிறுவன் ஒருவன், "காட்டிலே தீ பிடிச்சிருக்கு" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி சிரித்துவிட்டு, "மூக்கை வெளியே நீட்டிப் பாருடா, புகை வாசம் வருதா?" என்று கேட்டார். வாசம் இல்லை. வெறும் பனி.

நாங்கள் இன்று பேச வந்த விஷயத்தைப் பாட்டி அந்த ஒரு கேள்வியிலேயே முடித்துவிட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்ட கூட்டத்தில் பேசாமல் போக முடியாது அல்லவா? அரசியல் மேடைகளில் நம் முன்னே வைக்கப்படும் வாதங்களில் எது சரியான வாதம், எது போலி வாதம் என்று கண்டுகொள்வது எப்படி என்பதுதான் தலைப்பு.

இதற்கு மேல்நாட்டுப் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறார். சொல்ல வரும் முடிவு பக்கம், அதற்குக் காட்டும் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுப்பங்கரையில் இருப்பது போல. இது சரியான வாதம். பிறகு இந்த மூன்றிலும் வரக்கூடிய போலிகளை அவர் வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்று, கண்ணில் படுவது ஆவியா, பனியா, புகையா என்று தெளியாத நிலையிலேயே நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்களுக்கு அந்தக் காதை முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். இந்த இடம் மட்டும் விளங்கியது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

முதலில் நம்மைக் குறிக்கும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். "வந்தவர்கள்."

மொழிவாரி மாநிலங்களை அமைப்பதற்காக 1953இல் நியமிக்கப்பட்ட பசல் அலி ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. அதன்பின் தென்திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1ஆம் தேதி பிறந்த கேரளத்தில் நின்றன. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்தார்களே என்று கேட்டபோது சொல்லப்பட்ட பதில்களில் ஒன்று, அவர்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்லர் என்பது. எல்லையை எங்கே போட்டது சரி என்று இன்று வழக்காட நாங்கள் வரவில்லை. எழுபது ஆண்டு ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியிலும் படிக்கிறார்கள். அந்த வாதத்தின் உடம்பை மட்டும் பார்ப்போம்.

கங்காணி காட்டிய வழியில் போடி, குரங்கணி வழியாக மலையேறி வந்தவர்கள் நம் பாட்டன், பாட்டிகள். உண்மை. ஆனால் அதே 1950களில் திரு-கொச்சி அரசே உயர்மலைக் குடியேற்றத் திட்டம் வகுத்து, சமவெளியிலிருந்து விவசாயக் குடும்பங்களை அழைத்து வந்து நிலம் கொடுத்தது. பட்டம் காலனி என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. அவர்களும் வந்தவர்களே. அவர்கள் வந்ததற்குக் குடியேற்றம் என்று மரியாதையான பெயர் கிடைத்தது. நம்மவர் வந்ததற்கு வேறு பெயர் கிடைத்தது. ஒரே செயலுக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரையே காரணமாகக் காட்டுவது முதல் போலி. ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே சரக்கு இரண்டு பதிவேட்டில் இரண்டு பெயரில் இருந்தால், பெயரை விட்டுவிட்டு எடையைப் பார்ப்போம்.

இந்த இடத்தில் கை தட்டாதீர்கள். நம் பக்கத்துப் போலியையும் சொல்லிவிடுகிறோம். கண்ணன் தேவன் மலைகளை 1877இல் மன்றோ துரைக்குக் குத்தகைக்கு விட்டது பூஞ்சார் ராஜா. அவர் வம்சம் பாண்டிய வம்சம். ஆகவே இந்த மலை தமிழருடையது என்று நம் மேடைகளில் முழங்கியவர்கள் உண்டு. ராஜா வம்சத்தை வைத்துக் கொழுந்து பறிக்கிறவளுக்கு உரிமை வருமா? முதலில் வந்தவருக்கே நிலம் என்று உண்மையாகவே நம்புகிறோமா? அப்படியானால் முதுவர், மன்னான் மக்கள் குடிகளுக்குச் சென்று சாவியைக் கொடுத்துவிட்டு நாம் எல்லோரும் மலை இறங்க வேண்டியதுதான். எதிராளிக்குப் பொருத்தும் அளவுகோலைத் தனக்குப் பொருத்தாத வாதம் எந்த மொழியில் பேசப்பட்டாலும் போலிதான்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போன தாய்மார்கள் இங்கே எத்தனை பேர்? 1950ஆம் ஆண்டுக்கு முன் உங்கள் குடும்பம் இங்கே இருந்ததற்குப் பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். லயம் கம்பெனியுடையது, காடு கம்பெனியுடையது. மூன்று தலைமுறை பாத்தி கொத்திய கைக்கு ஒரு சென்ட் நிலத்தின் பத்திரமும் கிடையாது. பத்திரம் இல்லை, ஆகவே ஆளும் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். பத்திரம் வைத்துக்கொள்ள வழியில்லாத வாழ்க்கையைக் கொடுத்துவிட்டு, பத்திரமில்லாததையே சான்றாக்குவது எப்படிப்பட்ட தருக்கம்? தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றபோது, குடும்பம் எப்போது வந்தது என்பதும் வழக்கில் ஒரு கேள்வியாக நின்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எம்.எல்.ஏ.வுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்து 2015ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போது எங்கள் தலையும் கொஞ்சம் குனியும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நாள் கூலி 232 ரூபாய். முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாக வெட்டப்பட்டிருந்தது. கட்சிக் கொடி இல்லை, தொழிற்சங்கத் தலைவர் இல்லை. பெம்பிளை ஒருமை என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்போது கேட்ட வாதங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்.

"கம்பெனியின் பங்குகள் உங்களிடமே இருக்கின்றன. நீங்களே முதலாளி. முதலாளி தனக்கு எதிராகத் தானே ஸ்டிரைக் செய்வானா?" என்றார்கள். 2005இல் டாட்டா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபின் கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர்களுக்குப் பங்கு கொடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் முதலாளி என்ற சொல் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு வேஷம் போடுவதைக் கவனியுங்கள். நஷ்டக் கணக்கு வாசிக்கும்போது கொழுந்துக்கூடை சுமக்கிறவள் முதலாளி. கூலியை முடிவு செய்யும் மேஜைக்கு முன்னால் அவள் கூலிக்காரி. லயத்துக் கூரை ஒழுகினால் மனுக் கொடுக்க வேண்டிய முதலாளி உலகத்தில் எங்காவது உண்டா? சொல் ஒன்று, பொருள் இரண்டு. முதல் பாதியில் ஒரு பொருளைக் காட்டிவிட்டு இரண்டாம் பாதியில் மற்றொன்றைத் தள்ளிவிடுவார்கள், சந்தையில் மேலே நல்ல ஏலக்காயை வைத்துக் கீழே சண்டை நிரப்புவது போல.

இன்னொரு வாதம், "இவர்களுக்குப் பின்னால் தமிழ்த் தீவிரவாதிகள் இருக்கிறார்கள்" என்பது. சரி, இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் 232 ரூபாய் 500 ரூபாய் ஆகிவிடுமா? வெட்டிய 10 சதவீதம் ஒட்டிக்கொள்ளுமா? கேட்டவர் யார் என்பது வேறு, கேட்டது நியாயமா என்பது வேறு. பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்க வைத்துவிட்டால், முன்னால் இருக்கும் கணக்கு மறந்துபோகும்.

இதில் எங்கள் குற்றமும் உண்டு. சங்கம், சங்கம் என்று இருபது ஆண்டு பேசிய எங்களில் சிலரும் அந்த வாரம் டீக்கடையில் உட்கார்ந்து, "சங்கமில்லாமல் பெண்கள் தாங்களாக இப்படித் திரள முடியாது, யாரோ தூண்டியிருக்கிறார்கள்" என்றுதான் பேசினோம். அந்த வாதத்துக்கு ஏது என்ன? எங்களால் அதுவரை திரட்ட முடியவில்லை என்பது ஒன்றுதான். எங்களால் முடியாதது யாராலும் முடியாது என்று நினைத்திருக்கிறோம்! ஒரு தங்கச்சி முகத்துக்கு நேரே கேட்டாள்: "அண்ணே, எங்களைத் தூண்டினது போனஸ் சீட்டு. அதை வேணா கூட்டிட்டு வந்து காட்டவா?" பதில் சொல்ல வாய் இல்லை. செப்டம்பர் 13ஆம் தேதி முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20 சதவீதம் என்று முடிந்தது. கூலி பிறகு 301 ரூபாய் ஆயிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை. கிடைத்தது தூண்டிவிட்டவரால் என்று அதன்பின் யாரும் பேசக் காணோம்.

அதற்கு நான்கு ஆண்டுக்கு முன், 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப் பெரியாறு. போடிமெட்டு வழியாக வரும் ஜீப்புகள் நின்றன. ஏலக்காட்டில் பழம் பழுத்துக் கிடக்க, நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு தேனிப் பக்கம் இறங்கினார்கள். அந்தப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் சொத்துகளும் தாக்கப்பட்டன. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த நாட்களில் இங்கே ஓடிய வாதம்: தமிழ்நாடு அணையில் தண்ணீரை உயர்த்தச் சொல்கிறது, நீ தமிழன், ஆகவே நாங்கள் மூழ்கினால் உனக்குக் கவலையில்லை. அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியாறு. அங்கே ஆற்றோரம் குடியிருப்பவர்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று ஒரு நடை போய்ப் பார்த்தவனால் இந்த வாதத்தைச் சொல்ல முடியுமா?

அணை 1895இல் கட்டியது, பழசு, ஆகவே உடையும் என்றார்கள் ஒரு பக்கம். கல்லணை இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறதே, ஆகவே இதுவும் நிற்கும் என்றோம் நாம். இரண்டும் திட்டாந்தப் போலி. கல்லணை ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் படுத்திருக்கும் அணை. இது மலை இடுக்கில் உயர நிற்கும் அணை. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பலத்தைச் சொல்ல முடியாது. அளந்து, துளையிட்டு, சோதித்துத்தான் சொல்ல முடியும். உச்ச நீதிமன்றம் வல்லுநர் குழு அறிக்கையைப் பெற்று 2014 மே 7ஆம் தேதி 142 அடி என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நமக்குப் பிடித்திருந்தது என்பதற்காக மட்டும் அதை நம்பாதீர்கள். அறிக்கையில் என்ன அளந்தார்கள் என்று படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பயம் உண்மையான பயம்தான். வண்டிப்பெரியாற்றில் இரவில் மழை கொட்டும்போது தூங்காத தாயைக் கேலி செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் பயம் என்பது ஏது ஆகாது.

நேரம் ஆகிறது. மழையும் வருகிறது. இந்த ஊர்க் கதை ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம்.

அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29ஆம் தேதி இங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். முதலில் பறம்பிக்குளத்துக்குக் கொண்டுபோக உத்தரவானது. பாலக்காட்டு மக்கள் எதிர்த்ததால் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு ஏற்றிச் சென்றது. அந்த இரண்டு மாதமும் பத்திரிகையிலும் டி.வி.யிலும் ஒரே கேள்வி: யானை வேண்டுமா, மனிதன் வேண்டுமா? யானை என்றால் நீ ஏழைகளின் எதிரி. மனிதன் என்றால் நீ காட்டின் எதிரி. இரண்டே கதவு உள்ள வீடு போலக் காட்டினார்கள்.

மூன்றாவது கதவு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களை யானை நடமாடும் இந்தப் பூமியில் கொண்டுவந்து குடியமர்த்தியது அரசு. 301 காலனி என்றே பெயர். அவர்களில் பலர் யானைக்குப் பயந்து போய்விட்டார்கள். நிலம் கொடுத்தோம் என்று கணக்கில் எழுதியாயிற்று. யானை வழியில் வீட்டு மனை அளந்தது யார்? அளக்கும்போது யாரைக் கேட்டார்கள்? அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த யானைக்குப் பெயர் வைத்தார்கள், கழுத்தில் ரேடியோக் காலர் மாட்டினார்கள், லாரியில் ஏற்றினார்கள். குடியமர்த்திய உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எந்த ஊருக்கும் மாறுதல் இல்லை. யானையா மனிதனா என்று நாம் அடித்துக்கொண்டிருக்கும் வரை அந்தக் கேள்வி வராது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்துக்கு வந்த நோட்டீசுகளை எடுத்து வாருங்கள். எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் சரி, மலையாளத்தில் இருந்தாலும் சரி. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். பாட்டிமார் முன் வரிசையில் உட்காரட்டும். நம் சங்கம் போன மாதம் அடித்த நோட்டீசையும் நாங்களே கொண்டுவந்து முதலில் வாசிக்கக் கொடுக்கிறோம்.