இருதயத் தசை சாவது எப்படி?



மாரடைப்பால் ஒருவர் இறந்தால், "அவர் காலம் முடிந்தது" என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். இது ஒரு பதிலாகுமா? ரத்தம் நின்றவுடனே இருதயத் தசை செத்துவிடுகிறதா என்றாவது நாம் கேட்க வேண்டாமா?

உடனே சாவதில்லை என்பதே ஆராய்ச்சியில் கண்டது. குழாய் அடைபட்டதும் தசையணுவுக்குப் பிராணவாயு வருவது நின்று, சக்தி குறைந்து, அணுவுக்குள் அமிலமும் கால்சியமும் பெருகுகின்றன. நாய்களில் செய்த சோதனைகளில் சுமார் 15 நிமிஷம் வரை தசை மீளக்கூடிய நிலையிலேயே இருந்தது. அதன் பிறகே உட்சுவரிலிருந்து வெளிச்சுவரை நோக்கிச் சாவு பரவிற்று.

இந்தச் சாவில் அணுவுக்குள் செய்தி கடத்தும் கைனேஸ் என்னும் என்ஸைம்களுக்குப் பங்குண்டு. மிதமிஞ்சிய கால்சியம் அவற்றில் ஒன்றான கால்மோடுலின் கைனேஸைக் கிளப்பிவிடுகிறது. புரோட்டீன் கைனேஸ் சி என்னும் குடும்பத்தில் டெல்டா என்பது, அணுவின் சக்திச் சாலையாகிய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து சாவுக்கு வழி செய்கிறது. அதன் உடன்பிறப்பாகிய எப்சிலானோ காக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் நெருப்பு வைக்கிறான், ஒருவன் தண்ணீர் ஊற்றுகிறான்! இன்னொரு விந்தை, ரத்தம் திரும்பி வரும்போதும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துவாரம் திறந்து மேலும் சில அணுக்கள் சாகின்றன.

1986-ல் அமெரிக்காவில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் ஆகியோர் நாயின் இருதயக் குழாயை 5 நிமிஷ வீதம் நான்கு தடவை அடைத்துத் திறந்து, பிறகு 40 நிமிஷம் அடைத்தார்கள். செத்த தசை, அப்படிப் பழக்கப்படாத நாய்களில் செத்ததில் நாலில் ஒரு பங்குதான். இந்தக் காப்பில் எப்சிலானுக்கும் பங்கிருப்பதைப் பின்வந்த சோதனைகள் காட்டின.

அப்படியானால் டெல்டாவைத் தடுத்தால் போதாதா என்பீர்கள். தடுத்துப் பார்த்தார்கள். டெல்காசெர்டிப் என்ற மருந்து, விலங்குகளில் பலித்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பலிக்கவில்லை. 2014-ல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். ஆசைப்பட்டது பொய்த்தால் பொய்த்தது என்று ஒப்புக்கொள்வதுதானே அறிவு?

ஆகவே, இன்று நம் கையிலுள்ள பெரிய மருந்து நேரந்தான். ரத்தம் திரும்புவதால் வரும் கேட்டைவிட, அது திரும்பாததால் வரும் கேடு மிகப் பெரிது. நெஞ்சு வலித்தால், "வாய்வுதான்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திராதீர்கள். தசை இன்னும் சாகவில்லை. அது காத்திருக்கிறது. நாம்தான் காத்திருக்கக் கூடாது.