நாவலின் சுற்றம்



நாவல் மரத்தை அறியாதார் இங்கு எவருமிலர். நம் முன்னோர் தாம் வாழ்ந்த நிலப்பரப்பையே நாவலந்தீவு என்றனர். திருவானைக்காவிலே வெண்ணாவல் தலவிருட்சமாய் விளங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் நாவற்குழி என ஓர் ஊரே உண்டு. இத்துணைப் பழக்கமான மரத்திற்கு உறவினர் யாவர் என்று கேட்டால் விடை எளிதன்று. அவ்விடையைத் தேடித் தாவரவியலார் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடியிருக்கின்றனர்.

கறிக்கிடும் கராம்பும், நாவலும், சிவந்த ஜம்புவும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. (சாதி என்பது இங்கே தாவரநூற் கலைச்சொல், பல இனங்கள் கூடியது ஒரு சாதி. நம்மவர் தலையிற் சுமந்து திரியும் சாதியோடு அதற்கு யாதொரு உறவுமில்லை.) அச்சாதியின் பெயர் சிசீசியம். அதில் ஏறத்தாழ 1,200 இனங்கள் உள. மரங்களின் சாதிகளுள் உலகிலே இதனினும் பெரியது வேறில்லை. ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் எங்கும் இது பரந்திருக்கின்றது.

1753ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து லின்னேயசு இம்மரங்களுக்குப் பெயரிட்டபோது, நாவலை மிர்த்தசு என்னும் சாதியிலும், ஜம்புவை ஊசீனியாவிலும், கராம்பைக் கரியோபில்லசு என்னும் வேறொன்றிலும் வைத்தார். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் மூன்று வீட்டிலே வளர்ந்த கதை இது. மூன்றாண்டுகளின் பின் பிரவுண் என்பவர் யமேக்காத் தீவின் மரமொன்றுக்குச் சிசீசியம் என்று பெயர் வைத்தார். இணைந்தது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1788இல் காட்னர் என்னும் செருமானிய அறிஞர் அப்பெயரை எடுத்து, சிங்களவர் ‘தங்’ என்று உண்ணும் சிறுபழ மரத்துக்குச் சூட்டினார். இன்று அச்சாதிக்கு மாதிரியாய் நிற்பது, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் அம்மரமே. முதலிற் பெயர் பெற்ற யமேக்கா மரமோ இச்சாதியில் இல்லை! பெயர்களின் விதி சில வேளை இப்படித்தான்.

இத்தனை குழப்பம் ஏன்? பூவைப் பாருங்கள். நாவற் பூவின் இதழ்கள் தனித்தனியே விரிவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டித் தொப்பிபோற் கழன்று விழுந்துவிடும். எஞ்சுவது கேசரக் கற்றை ஒன்றே. ஊசீனியாவிலும் கேசரங்கள் மிகப் பல. அதன் பழமும் சதைப்பற்றானது. ஆகவே இரண்டும் ஒன்றே என்று பலர் கொண்டனர். இலங்கைத் தாவரங்களை விரித்தெழுதிய திரைமன் 1894இல் நம் நாவலை ஊசீனியா என்றே பதிந்தார். 1930களிலே மெரில், பெரி என்னும் இருவர் பல இனங்களை மீண்டும் சிசீசியத்துக்கு மாற்றினர்.

வழக்கைத் தீர்க்கப் பூவின் உள்ளே புகவேண்டியிருந்தது. 1972இல் உருடோல்பு சிமிட்டு என்பவர் சூலகத்தை வெட்டிப் பார்த்தார். சூல்களுக்கு ஊட்டம் கொண்டுசெல்லும் கலன்கள் சிசீசியத்தில் நடு அச்சின் வழியே வருகின்றன. ஊசீனியாவிலோ அறைகளைப் பிரிக்கும் சுவரினூடாக வருகின்றன. வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்வழி வேறு! பெரும்பாலான ஊசீனியா அமெரிக்கக் கண்டத்துக்குரியது. சிசீசியம் அங்கே இயற்கையாக வளர்வதில்லை.

பின்னர் மரபணு ஆராய்ச்சி வந்தது. 2006இல் அக்மீனா முதலிய ஐந்து சிறு சாதிகளையும் சிசீசியத்துள் அடக்கினர். 2022இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, இச்சாதி அவுஸ்திரேலியா, நியூகினி நிலப்பரப்பிலே தோன்றி மேற்கு நோக்கிப் பரவியது என்று காட்டிற்று.

பெயரிலே என்ன இருக்கின்றது என்று கேட்கும் இளைஞரும் இங்கிருப்பர். இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் மலைக்காடுகளிலும் வேறெங்கும் இல்லாத சிசீசிய இனங்கள் பல உள. ஓட்டன் சமவெளியிலே மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதை ஆய்வாளர் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றனர். பட்டது எந்த இனம், தப்பியது எந்த இனம் என்று பிரித்தறியாமல் இழப்பைக் கணக்கிடுவது எவ்வாறு? பெயர் தெரியாத மரத்தைக் காவற் பட்டியலில் எழுதுவதுதான் எவ்வாறு?

இவ்வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நாவல் பூக்கும்போது, மரத்துக்குரியவரைக் கேட்டு, மொட்டும் பூவும் உள்ள கொப்பொன்றைக் கடதாசிகளுக்கிடையே வைத்து அழுத்துங்கள். கழன்று விழுந்த தொப்பியையும் பொறுக்கி வையுங்கள். பழுக்கும்போது அதே மரத்துக்கு மீண்டும் சென்று பழத்தின் நிறத்தை அன்றே எழுதுங்கள். உலர்ந்தபின் எல்லாம் கறுப்பாகிவிடும். இடம், திகதி, மரத்தின் உயரம், ஊரிலுள்ள முதியோர் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் சேர்த்தெழுதுங்கள். அந்த முதியோர் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றனர். கூட்டம் கலையுமுன் அவர்களிடம் கேட்கலாம்.