நாவால் வென்ற நாகேஷ்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, இவ்வுரை எப்பொழுது முடியும், பாட்டுக் கச்சேரி எப்பொழுது தொடங்கும் என்று முன்வரிசையில் ஏங்கிக்கொண்டிருக்கும் செல்வக் குழந்தைகளே!

புலவர் பெருமக்கள் நின்று பேச வேண்டிய இடத்தில், இரயில்வே எழுத்தராகிய நம்மை நிறுத்தியிருக்கின்றனர். தமிழ் இலக்கணத்தைப் பற்றிப் பேசு என்றிருந்தால் தலைமறைவாகியிருப்போம். நகைச்சுவை நடிகர் நாகேஷ் அவர்களைப் பற்றிப் பேசு என்றார்கள். அவரும் ஒரு காலத்தில் இரயில்வே எழுத்தரே ஆதலால், அந்த உறவைப் பற்றிக்கொண்டு துணிந்து எழுந்தோம்.

நமது சாமராஜநகரில் இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக வரும் வண்டிக்கு இதற்கு மேல் போக வழியில்லை. தமிழ்நாடு செல்லவேண்டுமாயின், பேருந்தேறி, திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பண்ணாரியம்மனை வணங்கி, சத்தியமங்கலம் சேர்கின்றோம். அதற்கும் அப்பால், கொங்கு நாட்டில், அமராவதி ஆற்றங்கரையில் தாராபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே 1933ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் நாகேஷ் பிறந்தார். நாகேஸ்வரன் என்பது இயற்பெயர்; குண்டுராவ் என்றும் அழைக்கப்பெற்றார்.

அன்பர்களே! இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் வையுங்கள். தமிழர் சிரித்து மகிழ்ந்த அந்த நாகேஷின் வீட்டு மொழி தமிழன்று; கன்னடமே! நம் வீட்டினுள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அவர்க்கோ வீட்டினுள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நம் நிலையைக் கண்ணாடியில் பார்த்தாற்போல இருக்கின்றதல்லவா? இதற்கு மறுதலையாகவும் ஒன்றுண்டு. கன்னட மக்கள் நெஞ்சில் வைத்துப் போற்றும் டாக்டர் ராஜ்குமார் அவர்களின் சொந்த ஊராகிய காஜனூர், இந்நகருக்கு அணித்தே, தமிழ்நாட்டு எல்லைக்குள், தாளவாடிப் பகுதியில் இருக்கின்றது. எல்லைக்கோடு நிலத்திற்கு உண்டு, நாவிற்கு இல்லை.

இனி அவர் வளர்ந்த விதத்தைக் காண்போம். அம்மை நோய் அவர் முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. உடலோ ஈர்க்குச்சி. கதாநாயகனுக்குரிய இலக்கணம் ஒன்றேனும் அவரிடம் இல்லை. சென்னையில் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். கோப்பும் பேரேடும் புரட்டிய கைக்கு நாடகத்தின்மீது ஆசை பிறந்தது. அலுவலக ஊழியர் நடத்திய நாடகமொன்றில் அவர்க்குக் கிடைத்த வேடம் மிகச் சிறியது: வயிற்றுவலியால் துடிக்கும் நோயாளி. ஆயினும் அவர் துடித்த துடிப்பில் அரங்கமே அதிர்ந்தது. அன்று தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அவர்கள், அந்த மெலிந்த இளைஞரைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார். சிறு வேடம் என்று ஒதுக்கியிருந்தால் நாகேஷ் என்னும் நடிகர் நமக்குக் கிடைத்திருப்பாரோ?

அந்நாளில் சென்னையில் இன்னோர் அலுவலர் இருந்தார். அவர் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிய கே. பாலசந்தர். பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு, மாலையில் நாடகம் என்று வாழ்ந்தவர். நாகேஷுக்கென்றே அவர் எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ மேடையில் வெற்றி பெற்று, 1964இல் ஏ.வி.எம். நிறுவனத்தாரால் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. உணவு விடுதியில் பணியாற்றும் அழகற்ற ஏழை இளைஞன் திரைப்பட நடிகனாக உயர்ந்த கதை அது. சிரிக்க வந்தவர்களை அழவைத்து அனுப்பினார் நாகேஷ். 1965இல் ‘நீர்க்குமிழி’, 1968இல் ‘எதிர்நீச்சல்’ என அவ்விருவரின் கூட்டு தொடர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் எழுத்தர்கள் இருவர் கூடி வளர்த்த கலை இது என்பதை நம் சங்கத்தார் மறத்தலாகாது.

நாகேஷின் ஆட்டத்தையும் ஓட்டத்தையும் பலர் புகழ்வர். நாம் அவர்தம் குரலைப் பற்றியே சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். 1964இல் ஸ்ரீதர் அவர்கள் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், படமெடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வருகின்றார். தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவிடம் ஒரு பேய்க்கதையைச் சொல்கின்றார். அங்கே பேய் இல்லை, இருட்டு இல்லை. கதவின் கிரீச்சொலியும், காலடியோசையும், காற்றின் ஊளையும் அவர் தொண்டையிலிருந்தே பிறக்கின்றன. கேட்கக் கேட்கப் பாலையாவின் முகம் வெளிறுகின்றது. கண்ணை மூடிக்கொண்டு அக்காட்சியைக் கேட்டாலும் நமக்கும் முதுகு சில்லிடும். உடனே சிரிப்பும் வரும்.

1965இல் ஏ.பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ வந்தது. ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்ட ஏழைப் புலவன் தருமியாக நாகேஷ் வந்தார். எதிரே சிவபெருமானாக நடிகர் திலகம் சிவாஜி கணேசன். இவர் கேள்வி தொடுக்க, அவர் விடை பகர, அந்தச் சொற்போர் இன்றும் குழந்தைகள் நாவிலும் நடமாடுகின்றது. ஆளில்லாத கோயிலிலே தனித்து நின்று புலம்பும்போது அவர் குரல் ஏறுகின்றது, இறங்குகின்றது, தழுதழுக்கின்றது, தன்னைத்தானே கடிந்துகொள்கின்றது. பொன் மீதுள்ள ஆசையும், வீட்டு வறுமையும், புலமை இல்லையே என்னும் ஏக்கமும் அந்த ஒரு குரலிலே கேட்கின்றன. 1967இல் வெளிவந்த ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில் இரட்டை வேடம். அவற்றுள் ஒருவன் தூத்துக்குடிச் சீமைப் பேச்சுப் பேசுகின்றவன். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் வைத்தியாக வந்து, தேனில் நஞ்சு குழைத்தாற்போலப் பேசினார். கன்னட வீட்டில் பிறந்த பிள்ளை, தென்பாண்டித் தமிழும் பேசினார், தஞ்சைத் தமிழும் பேசினார், தருமியின் தமிழும் பேசினார்!

முதுமையிலும் அவர் கலை தேயவில்லை. 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கொடியவராக வந்தார். 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தார். குரலால் வாழ்ந்தவர், குரலுமின்றி அசைவுமின்றி அரங்கைச் சிரிப்பில் ஆழ்த்தினார். அதே ஆண்டு வெளிவந்த ‘நம்மவர்’ படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்துத் துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். 2008இல் ‘தசாவதாரம்’ வெளிவந்தது. 2009ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், தமது எழுபத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே! ஒரு நடிகரின் வரலாற்றைச் சொல்லி, கைதட்டல் பெற்று அமர்வது எளிது. ஆயினும் நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் அமர மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு விழாவில், இதே மேடையில், சிறுவர் பேச்சுப் போட்டி நடந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றான். பள்ளியிலும் தெருவிலும் கன்னடம் பேசி வளரும் பிள்ளை. ‘வாழைப்பழம்’ என்னும் சொல்லில் நாக்குத் தடுமாறியது. நடுவே ஒரு கன்னடச் சொல்லும் புகுந்தது. சபை சிரித்தது. நாமும் சிரித்தோம், உரக்கவே சிரித்தோம். பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு, இறங்கி ஓடி, தாயின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இவ்வாண்டுப் போட்டிக்குப் பெயர் எழுதும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. அவன் பெயர் வரவில்லை. வீட்டிற்கே சென்று கேட்டோம். அவன் தமிழில் விடை சொல்லவில்லை. ‘பேடா’ என்று கன்னடத்தில் ஒரே சொல்லால் மறுத்துவிட்டான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தாராபுரத்துக் கன்னடப் பிள்ளையின் தமிழைக் கேட்டு அன்றைய மக்கள் இப்படிச் சிரித்து அடக்கியிருந்தால் தருமியை யார் கண்டிருப்பர்? நாகேஷ் தம் தழும்பையும் மெலிவையும் தாமே முன்னிறுத்திச் சிரிக்க வைத்தார். அது கலை. பிறர் தடுமாற்றத்தைக் கண்டு நாம் சிரித்தோமே, அது கலையன்று, பிழை. மொழி குருதியில் வருவதன்று. கூச்சமின்றிப் பேசப் பேச வருவது. பேசவிடாமல் செய்துவிட்டு, பிள்ளைகள் தமிழை மறக்கின்றனரே என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆகவே சங்கத்தாரிடம் விண்ணப்பம் ஒன்று வைக்கின்றோம். முன்பெல்லாம் ஆண்டு விழாவில் நாடகம் நடந்தது. ஒத்திகைக்கு ஆள் சேரவில்லை என்று நிறுத்திவிட்டோம். அடுத்த ஆண்டு அரைமணி நேர நாடகமேனும் நடத்துவோம். தமிழ் நன்கறிந்தவர்க்கு மட்டுமின்றித் தடுமாறுகின்றவர்க்கும் வேடம் கொடுப்போம். வயிற்றுவலிக்காரன் வேடம்போல் ஒரு சிறு வேடம் போதும். கன்னட நண்பர்களையும் அழைப்போம், அவர்களும் நடிக்கட்டும். ஒத்திகையின்போது எவர் நாக்குத் தடுமாறினாலும் பெரியவர் எவரும் சிரிப்பதில்லை என்று உறுதி எடுப்போம். அவ்வுறுதியில் முதற் கையெழுத்து நம்முடையதாகுக.

அந்தப் பிள்ளை இன்று இங்கே தூணருகில் அமர்ந்திருக்கின்றான். பெயரைச் சொல்லி அவனைக் கூச வைக்கமாட்டோம். தம்பி, சென்ற ஆண்டு சிரித்ததற்கு மாமாவை மன்னித்துவிடு. உனக்காக ஒரு வேடம் காத்திருக்கின்றது. அதில் நீ விரும்பும்போது மட்டும் நாங்கள் சிரிப்போம்.

வாழ்க தமிழ்! வாழ்க நமக்கு வாழ்வளிக்கும் கன்னட நாடு!