சொல்முகிலும் வகுப்பறையும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்வகலாசாலையிற் பயிலும் மாணவனாகிய என்னையும் இம்மேடைக்கு அழைத்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றேன். ஆசிரியத் தொழிலிற் பழுத்த அனுபவம் வாய்ந்தோர் பலர் அமர்ந்திருக்கும் இச்சபையிற் கற்பித்தல் பற்றி நான் பேச முற்படுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். பிழை பொறுப்பீர்கள் என்ற துணிவுடன் தொடங்குகின்றேன்.

சொல்முகில் என்பது யாது? ஒரு கட்டுரையையோ மாணவர் கூறிய விடைகளையோ கணினிக்குக் கொடுத்தால், ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்துள்ளதென அது எண்ணுகின்றது. பலமுறை வந்த சொல்லைப் பேரெழுத்திலும், அரிதாக வந்ததைச் சிற்றெழுத்திலும் அமைத்து, முகிற்கூட்டம் போல ஒரு படமாக்கித் தருகின்றது. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்ரான்லி மில்கிரம், பாரிஸ் நகரத்தவர் தம் கையால் வரைந்த நகரப் படங்களை ஆராய்ந்து, அதிகம் பேர் குறித்த 50 இடங்களின் பெயர்களை இவ்வாறே சிறிதும் பெரிதுமாக 1976ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2008ஆம் ஆண்டில் யோனதன் பைன்பேர்க் என்பவர் 'வேர்டில்' என்னுங் கருவியை இணையத்தில் இலவசமாக வழங்கியபின், இம்முறை வகுப்பறைகளுட் பரவலாகப் புகுந்தது.

இதன் பயன்கள் சில. பாடத்தைப் படிக்குமுன் அதன் முகிலைக் காட்டி, "இப்பாடம் எதைப் பற்றியது?" என ஊகிக்கச் சொல்லலாம். தான் எழுதிய கட்டுரையின் முகிலைக் காணும் மாணவன், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆண்டிருப்பதைத் தானே உணர்ந்து திருத்துவான்.

தமிழுக்கு இதில் ஓர் இடையூறுண்டு. 'வீடு', 'வீட்டை', 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்பவற்றை வெறுமனே எண்ணுங் கருவி நான்கு வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ஆகவே, வேற்றுமையுருபைக் களைந்து பெயரைக் காண்பதும், வினையிற் பகுதி வேறு விகுதி வேறாகப் பிரிப்பதும் மாணவர் கடனாகின்றன. இந்த இடையூற்றையும் நான் நன்மையென்றே சொல்வேன். பரீட்சைக்கு மனனஞ் செய்த இலக்கணம் இங்கே கைக்கருவியாகி விடுகின்றதன்றோ?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அடிக்கடி வருஞ் சிறு சொற்களைக் கருவிகள் தள்ளிவிடுவது வழக்கம். 'இல்லை', 'அல்ல' என்பவை அவற்றோடு போய்விட்டால், "அச்சம் இல்லை" என்றவனும் "அச்சம்" என்றவனும் ஒன்றாகி விடுவர்.

இதனிலும் பெரியதொன்றை அனுபவத்தாற் கற்றேன். சென்ற ஆண்டு, கிராமமொன்றின் மாலை வகுப்பில் உதவியாளனாக இருந்தேன். அங்கே கணினி இல்லை. 32 மாணவருக்கும் கடதாசித் துண்டுகள் கொடுத்து, "பாடசாலை என்றதும் மனத்தில் எழும் சொல்லை எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்றேன். துண்டுகளை எண்ணிக் கரும்பலகையில் வெண்கட்டியால் முகிலை வரைந்தேன். 'பரீட்சை' நடுவிற் பெரிதாக நின்றது. 'நண்பர்', 'விளையாட்டு' என்பன அடுத்து வந்தன. ஒரு துண்டில் மாத்திரம் 'பசி' என்றிருந்தது. ஒன்றுதானே என்று அதை ஒதுக்க முற்பட்டேன். அருகில் நின்ற முதிய ஆசிரியர், "தம்பி, அதையும் எழுதும்" என்றார். மூலையிற் சிறிதாக எழுதினேன். எழுதியவர் யாரென அவர் கேட்கவில்லை. அடுத்த கிழமை முதல், வகுப்புத் தொடங்குமுன் எல்லாப் பிள்ளைகளுக்குங் கஞ்சி வழங்கப்பட்டது.

அன்பர்களே, எண்ணிக்கை வேறு, கனம் வேறு. எண்ணுவதைக் கருவி செய்யும். எடை பார்ப்பது ஆசிரியரின் பணி. வருங்காலத்தில் ஆசிரியராகப் போகும் என் நண்பர்கள், முகிலின் நடுவை மாத்திரம் நோக்காது மூலையையும் நோக்குவார்களாக. "இங்கே வராத சொல் எது?" என்றும் வினவுவார்களாக.