மூச்சின் வழியே ஒரு மருந்து

மூக்கில் கிளிப், வாயில் குழாய். "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க! விடாதீங்க, இன்னும், இன்னும்!" நுரையீரல் சோதனை அறையில் தினமும் கேட்கிற குரல் இது. ஒரே மூச்சில் எத்தனை மில்லி காற்று வெளியே வருகிறது என்று கணினி காட்டும். நுரையீரலில் தழும்பு படர்ந்து இறுகும் நோயாளிக்கு அந்த எண் இறங்கிக்கொண்டே போகும். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், செருப்பில் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற சத்தம்.

இந்த நோய்க்கு 2014இல் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது: பிர்ஃபெனிடோன், நின்டெடனிப். இரண்டும் வாய்வழி மருந்துகள். நோய் நெஞ்சில், குமட்டலும் வயிற்றுப்போக்கும் வயிற்றில். ஆஸ்துமாவுக்குப் போல மருந்தை மூச்சோடு நேராக உள்ளே இழுத்தால் என்ன?

சொல்வது சுலபம். மருந்துத் துளி பெரிதாக இருந்தால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், மிகச் சிறிதானால் வந்த வழியே வெளியேறிவிடும். காற்றே போகாத இறுகிய மூலைக்கு மருந்து எப்படிப் போகும்? காலெக்டின் என்ற புரதத்தைத் தடுக்கும் உள்ளிழுப்பு மருந்து ஒன்று, 2023இல் பரிசோதனையில் தோற்றது.

வழி எதிர்பாராத இடத்தில் திறந்தது. ட்ரெப்ரோஸ்டினில், நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தத்துக்கான உள்ளிழுப்பு மருந்து. தழும்போடு அந்த அழுத்தமும் சேர்ந்த 326 பேரிடம் 16 வாரம் சோதித்தார்கள். ஆறு நிமிட நடையில், மருந்தை இழுத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் 31 மீட்டர் வித்தியாசம். மருந்தால் கெடுதல் வருகிறதா என்று பார்க்கத்தான் மூச்சையும் அளந்தார்கள்; அதுவும் மேம்பட்டிருந்தது!

அதிலிருந்து பிறந்தவை டெட்டான் பரிசோதனைகள். தினம் நான்கு வேளை, மூன்று மூச்சில் தொடங்கி வேளைக்கு 12 மூச்சு வரை, 52 வாரம். பாதிப் பேர் இழுத்தது மருந்தில்லாத வெறும் துளிமூட்டம். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூச்சு குறைந்துவருவது தெரிந்தும் வருடம் முழுக்க அந்தக் கருவியை வாயில் வைத்தவர்கள்தான் என் மனதில் நிற்கிறார்கள்.

அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே நடந்த இரண்டாம் பரிசோதனையின் முடிவு 2025 செப்டம்பரில் வந்தது. இரு குழுக்களுக்கும் இடையே சுமார் 95 மில்லி காற்று வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு சின்ன டீ கிளாஸ். தழும்பு கரையவில்லை, சரிவுதான் மெதுவானது. இருமலே பெரும் தொல்லையான நோய்க்கு வந்த இந்த மருந்தும் இருமலைக் கிளப்புகிறது. தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு.