பதில் சொல்ல வேண்டியது யார்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கி எழுத்தன். கைநாட்டு வைக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் பெருவிரலில் மை தடவணும். எங்க காலனியில ஒரு அக்கா, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். பேர் எழுதத் தெரியும், படிக்க வராது. "கூட்டம்னு கூப்புட்டதே இல்ல தம்பி. நோட்டு வூட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றாங்க.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது வேறு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறதென்று கண்காணிப்பது அவர்கள் வேலை. பிள்ளையின் வருகை, படிப்பு பற்றிப் பெற்றோரைக் கூட்டிச் சொல்வது ஆசிரியர் கடமை என்கிறது 24ஆம் பிரிவு. ஆக, பள்ளிதான் நமக்குப் பதில் சொல்லணும்.

2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் தேர்வு. தோற்றால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தோற்றால், அரசு அனுமதித்தால், அதே வகுப்பில் நிறுத்தலாம். வாத்தியார் இல்லாத வகுப்புக்கும் பத்து வயசுப் பிள்ளை பதில் சொல்லணுமாம். தமிழ்நாட்டில் இந்தப் பொதுத்தேர்வு அறிவிப்பு, எதிர்ப்பு கிளம்பியதும், 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. மத்தியச் சட்டத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

ஒரு வருசம் நிறுத்தின பிள்ளை மறு வருசம் செங்கல் சூளையில நிக்கும். இது நம்ம தெருவுக்குத் தெரியும்.

படித்த பிள்ளைகளே, அடுத்த தடவை நோட்டு வரும்போது அந்த அக்கா பக்கத்துல உட்காருங்க. ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.